ஐஸ் வண்டிக்குள் ஆறாவது பாட்டு

கண்டெய்னர் யார்டின் கேட்டில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. மறுநாள் காலையிலிருந்து டிரெய்லர்கள் ஓடாது, ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம், எத்தனை நாள் என்று தெரியாது. படித்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் தாளுக்கு எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, லீவுன்னா அவ்ளோ சந்தோஷமா?" என்று கேட்டார் எங்கள் சூப்பர்வைசர்.

லீவு கிடக்கட்டும். எண்ணூர் நெடுஞ்சாலை வாயை மூடப்போகிறது. அதுதான் என் சந்தோஷம். அதை அவருக்கு எப்படி விளக்குவது? "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே வந்து மூன்று பேருக்கு போன் போட்டேன்.

நான் அந்த யார்டில் டேலி கிளார்க். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் சீலையும் சரிபார்த்து, எங்காவது நசுங்கியிருந்தால் குறித்துக்கொள்வது என் வேலை. வீடு ராயபுரம். பதினொரு வயதிலிருந்து எங்கள் மாதா கோயிலில் பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். இப்போது நாற்பத்தொன்று. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு கல்யாணக் கச்சேரியைத் தவிர, பாட்டுக்கென்று நான் வேறெங்கும் போனதில்லை. அப்படி இருந்தவள் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்து ஆல்பம் போடுகிறேன் என்று கிளம்பியதற்கு ஒரு மீன் வண்டிதான் காரணம்.

அந்த வண்டியை ஓட்டுகிறவர் முகத்துவாரக்குப்பத்து அக்கா. காசிமேட்டில் மீன் ஏற்றி, எண்ணூர் வரை வழியில் இருக்கும் கடைகளுக்கும் கேன்டீன்களுக்கும் இறக்குவார். பின்பக்கம் தடிமனான சுவர் வைத்த ஐஸ் பெட்டி உள்ள சின்ன வண்டி, அவருடைய சொந்த வண்டி. எங்கள் கேன்டீனில் ஒருநாள் மீன் இறக்கிக்கொண்டே, "சங்கரா ரெண்டு கூட, கெழங்கா ஒரு கூட" என்று சமையல்காரருக்குச் சொன்னார். சொன்னதே ஒரு ராகத்தில் இருந்தது. நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய், "அக்கா, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன். "இன்னாம்மே, மீன் வோணுமா?" என்றார். மீன் வேண்டாம், குரல்தான் வேண்டும் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு கூடை கிழங்கா வாங்கிவந்துவிட்டேன். வீட்டில் மூன்று நாள் மீன்குழம்பு. நான்காம் நாள் போய், என்கூடப் பாடுறீங்களாக்கா என்று கேட்டேவிட்டேன்.

மற்ற இருவரில் ஒருவர் எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இருக்கும் தம்பி. மின்வாரியத்தில் லைன்மேன். அந்தக் கல்யாணக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவர் வராமல் போய் என்னைக் கூப்பிட்டபோது பழக்கமானவர். டோலக், பறை, பெயின்ட் டப்பா, எதைக் கையில் கொடுத்தாலும் பேசவைப்பார். இன்னொருவர் திருவொற்றியூரில் மாடி அறை ஒன்றில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர். பேஸ் கிட்டாரும் வாசிப்பார். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாரையும் அவர் "நைனா" என்று கூப்பிடுவதால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம்.

குழுவுக்கு அக்கா ஒரு மீனின் பெயரை வைத்தார். எந்த மீன் என்று எழுதினால் நாங்கள் யார் என்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆறு பாட்டு தயாராக இருந்தது. எட்டு மாதமாகியும் ஒன்றரைப் பாட்டுக்கு மேல் பதிவு செய்ய முடியவில்லை, அதுவும் வாத்தியம் மட்டும்தான். நைனாவின் ஸ்டுடியோ நெடுஞ்சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, கதவுக்கு இரண்டு கம்பளி போட்டு, ஜன்னலைச் செங்கல் வைத்தே அடைத்துவிட்டார். ஹார்ன் சத்தம் குறைந்தது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை கட்டி நின்று உறுமும்போது தரை அதிரும். அந்த அதிர்வு மைக் ஸ்டாண்டில் ஏறி, பாட்டுக்கு அடியில் ஒரு எருமை மூச்சு விடுவதைப்போல வந்து உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

அதனால் வேலைநிறுத்தத்தின் முதல்நாள் காலை நாங்கள் மாடிக்குப் போனபோது, நைனா கதவைத் திறந்துவைத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சத்தம் போடாத நைனா, கேளு" என்றார்.

கேட்டோம். காக்கை. எங்கேயோ ஒரு தையல் மெஷின். கோரமண்டலக் கரையே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வெகு தூரத்தில், நான் அந்தத் தெருவில் ஒருநாளும் கேட்டிராத கடல் சத்தம்.

"ஐய, நம்ம ஊரு இவ்ளோ அமைதியாவா கீது?" என்றார் லைன்மேன் தம்பி. டோலக்கை உறையிலிருந்து எடுத்தார்.

அவருக்குச் சேர்ந்திருந்த விடுப்பு கைகொடுத்தது. எனக்கு யார்டில் பெட்டியே வரவில்லை. அக்கா விடியற்காலை ஏற்றிய மீனை ஒன்பது மணிக்குள் இறக்கிவிட்டு வந்துவிடுவார். கீழ்வீட்டுக் குக்கர் விசில் மட்டும்தான் தொல்லை. நைனாவின் மனைவி இறங்கிப்போய்ப் பேசினார். கீழ்வீட்டுக்காரர் மூன்று நாளும் காலை ஒன்பதுக்குள் சமையலை முடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஹெட்போன் பழக்கமில்லை. முதல் தடவை மாட்டியதும் பாட ஆரம்பித்து நான்கு சொல்லில் நிறுத்திவிட்டார்.

"என் கொரலு எனக்குள்ளயே கேக்குதும்மே. வேற யாரோ உள்ள குந்திகினு பாடற மாதிரி கீது."

"அந்த ஆளு நல்லா பாடறாங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பரவால்ல, நல்லாத்தான் பாடுறா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த உள்ளே இருக்கிறவளோடு போட்டி போட்டுப் பாடினார்.

அடுத்த தொல்லை வளையல். கையை ஆட்டாமல் அவரால் பாட முடியாது, ஆட்டினால் கண்ணாடி வளையல் சத்தம் மைக்கில் விழும். கழற்றச் சொன்னால் கழற்றினார். பாட்டும் கூடவே கழன்றுபோனது. திரும்பப் போட்டுக்கொண்டு, வளையல்களைச் சுற்றி நைனாவின் மனைவி கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டார். அடிபட்டவர் மாதிரி இரண்டு கையிலும் கட்டோடு நின்று அவர் பாடிய இரண்டாவது பாட்டு ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

என் பங்குக்கு ஒரு பாட்டு உண்டு. கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கேட்டில் நின்று நான் சத்தமாகப் படிக்கப் படிக்க உள்ளே இருப்பவர் கம்ப்யூட்டரில் அடிப்பார். வருடக்கணக்காகப் படித்ததில் அதற்கு ஒரு தாளம் வந்துவிட்டது: நாலு, ஒரு மூச்சு, மூணு, மூணு, அப்புறம் கடைசி இலக்கம் தனியாக. ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிக்காட்டினேன். தம்பி உடனே அதைப் பறையில் வாசித்தார். அதுதான் ஆல்பத்தின் நான்காவது பாட்டாகியது. பூசையில் வாசிப்பதைத் தவிர என் கைக்கு வேறொன்றும் வரும் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். மதியச் சாப்பாட்டின்போது அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல். ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. ஆறாவதுக்கு வாத்தியமெல்லாம் பதிவாகி, குரல் மட்டும் பாக்கி. அக்கா முதல் வரியை எடுத்தார். எங்கோ தூரத்தில் நீளமாக ஒரு ஹார்ன். அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று. தரை லேசாக அதிர்ந்தது.

நைனா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டார். "ஸ்டிரைக்கு முடிஞ்சிச்சி நைனா."

அக்கா மைக்கிலேயே கேட்டார். "அவங்க கேட்டது கெடச்சிச்சா?"

தம்பி போனைப் பார்த்தார். "கெடச்சிச்சாங்க்கா."

"அப்போ சரி, வுடு" என்று சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கைகளால் தட்டினார் அக்கா. நாங்களும் தட்டினோம். நைனா மட்டும் தட்டிக்கொண்டே ஆறாவது பாட்டின் காலி இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் தேங்கிய பெட்டிகள் ஒன்றாக வந்தன. பத்து நாள் எனக்கு இரட்டை ஷிப்டு. ஆறாவது பாட்டை விட்டுவிடலாமா என்று பேச்சு வந்தது. எனக்கு மனசில்லை, அதுதான் அக்கா தானே கட்டிய பாட்டு. முகத்துவாரத்தில் ஆறும் கடலும் மாறி மாறி ஒன்றை ஒன்று வீட்டுக்குக் கூப்பிடுவதாக இருக்கும்.

வழி கண்டுபிடித்தவர் லைன்மேன் தம்பி. அவருடைய வாத்தியங்களை ஸ்டுடியோவிலிருந்து எம்.கே.பி. நகருக்கு எடுத்துப்போக அக்காவின் வண்டியில் ஏற்றினோம். உள்ளே அவர் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, தெரியாமல் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால், தம்பி பேயறைந்தவர் மாதிரி வெளியே வந்தார்.

"இன்னாடா ஆச்சி?" என்று பதறினார் அக்கா.

"யக்கா, உள்ள ஒண்ணியுமே கேக்கல. ரோட்ல இவ்ளோ வண்டி போவுது, ஒண்ணியும் கேக்கல!"

நாங்கள் நான்கு பேரும் அந்த ஐஸ் பெட்டியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு நான் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வண்டியின் பெட்டியை மூன்று தடவை கழுவிவைத்திருந்தார்கள். குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் இருக்க நைனா பழைய வலைகளையும் சாக்குகளையும் நான்கு பக்கமும் தொங்கவிட்டார். கழுவியது வண்டியை, வலையை அல்ல. உள்ளே மடிக்கணினியோடு உட்கார்ந்த நைனா, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்.

"கலீஜா கீதா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா, சொம்மா, தூசிக்கு."

"டபாய்க்காத. நாத்தம் தாங்கலன்னு சொல்லு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் உள்ளே வேகும் என்பதால், இரண்டு ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் அக்காவை உட்காரவைத்தோம். நானும் ஒரு ஓரத்தில் இடுக்கிக்கொண்டேன். ஒரு பல்லவிக்குக் கதவைச் சாத்துவது, முடிந்ததும் நைனா உள்ளிருந்து மூன்று தட்டு தட்டுவது, தம்பி வெளியிலிருந்து திறப்பது என்று ஏற்பாடு.

இரண்டாவது தடவை சாத்தித் திறந்தபோது, வெளிச்சத்தில் தம்பிக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். தண்ணீர் எடுக்க வந்தவர்கள். அவர்களில் ஒரு பெரிய உருவம், அக்காவின் நாத்தனார், தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"உள்ள யார பூட்டி வச்சிகினு கீற? பொட்டில காத வச்சா பொம்பள கத்துற சத்தம் கேக்குது!"

"கத்தலம்மா, பாடுறாங்க!" என்றார் தம்பி பரிதாபமாக.

ஐஸ்மேல் உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப்பார்த்தார். நாத்தனார் அவரையும், கட்டுப்போட்ட கைகளையும், முகமூடி கட்டிய நைனாவையும், மூலையில் என்னையும் பார்த்தார். சட்டையை விட்டார்.

"இன்னாடி பண்ற, மீன் பொட்டில?"

"பாட்டு எடுக்குறோம். வரியா?"

சும்மா கேட்டதுதான். நாத்தனார் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஏறிவிட்டார். அவர் ஏறியதும் இன்னொருத்தி. பிறகு இன்னும் ஐந்து பேர். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நைனா மடிக்கணினியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நைனா, நைனா, ஒயரு, ஒயரு" என்று கெஞ்சினார். பின்பாட்டுக்கு நான் ஒருத்தியே மூன்று குரலில் பாடுவதாக இருந்தது. ஏழு பேர் வந்தபிறகு எதற்கு அது? அக்கா பல்லவியை இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது தரம் அவர்களே பாடினார்கள். ஆறு கூப்பிடும் வரிக்குக் கடலாக அந்த ஏழு பேரும் பதில் சொன்னார்கள். என் தோளில் ஒருவருடைய முழங்கை, காலடியில் ஐஸ் தண்ணீர், முகத்துக்கு நேரே வலை. அந்த அடைசலுக்குள் அந்தக் குரல்கள் ஒன்றாக எழுந்தபோது என் உடம்பு சிலிர்த்தது. ஐஸால் இல்லை.

மூன்று தட்டு தட்ட நைனா மறந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டால் வலை நாற்றம் என்றார்.

பாட்டை இணையத்தில் வெளியிடும் நிறுவனத்துக்கு ஒரு படிவம் அனுப்பவேண்டும். யார் எழுதியது, யார் வாசித்தது, யார் பாடியது என்று பெயர் பெயராகக் கேட்கும். ஏழு பெண்களின் பெயரையும் போடவேண்டும் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். நான் குப்பத்துக்குப் போய் ஒவ்வொருவரிடமும் எழுத்தைக் கேட்டு எழுதினேன். ஒரு பெண் என் கையிலிருந்த போனை வாங்கி, ஆங்கிலத்தில் இருந்த தன் பெயரை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப்பார்த்தார். "இத்தினி எழுத்தா என் பேர்ல?" என்றார். திருப்பித் தர அவருக்கு மனசே வரவில்லை.

வெளியீடு ஒரு வெள்ளிக்கிழமை. யார்டில் காலை டீக்கு விட்டதும், ஒரு பெட்டியின் நிழலில் நின்று போனில் எங்கள் குழுவின் பெயரைத் தேடினேன். வந்த பக்கத்தில் மேலே ஒரு பனிமலை. அதற்குமுன் கறுப்புச் சட்டையில், இடுப்புவரை தலைமுடியோடு ஐந்து வெள்ளைக்காரர்கள். ஒருவர் கையில் மண்டையோடு. அவர்களுக்குக் கீழே, புத்தம்புதிதாக, அக்காவின் மஞ்சள் வண்டி போட்ட எங்கள் அட்டைப்படம்.

நைனாவுக்கு போன் போட்டேன். "பாத்தேன் நைனா. பேஜாராப் பூட்ச்சி" என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் மீனின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், எங்கோ ஒரு குளிர்நாட்டு மொழியில் அதற்கு வேறு அர்த்தம். அந்தப் பெயரில் அங்கே ஒரு குழு பல வருடமாக ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறது. எழுத்து ஒன்றாக இருந்ததால் வெளியிடும் நிறுவனத்தார் எங்களுடையதையும் அந்தக் குழுவின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவர்களுடைய ரசிகர்கள் எல்லாருக்கும், உங்கள் குழுவின் புதிய ஆல்பம் வந்துவிட்டது என்று தகவல் போய்விட்டது. மாற்றித்தர இரண்டு வாரம் ஆகுமாம்.

பயந்துகொண்டேதான் அக்காவிடம் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். "அவங்க ஊர்ல பனியா?"

"ஆமாக்கா."

"பாவம், கேட்டுட்டுப் போட்டும். இன்னா இப்போ?"

அந்த ஞாயிறு குப்பத்தில் எல்லாரும் கூடிக் கேட்பதாக ஏற்கனவே பேசிவைத்திருந்தோம். வலை பின்னும் கொட்டகையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தார்கள். அதற்குள் ஆளாளுக்கு போனில் தேடியிருந்தார்கள். நாத்தனார் மண்டையோட்டுக்காரரை அக்காவுக்குக் காட்டி, "யார்டி இது, புச்சா சேத்துகினு கீறியா?" என்றார். கொட்டகையே சிரித்தது. நான்காவது பாட்டில் என் கண்டெய்னர் தாளம் வந்தபோது, வாசலில் நின்ற இரண்டு டிரெய்லர் ஓட்டுநர்கள் அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்கள். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே, கடைசித் தனி இலக்கத்துக்குச் சரியாகக் கை தட்டினார்கள். ஆறாவது பாட்டு வந்ததும் அந்த ஏழு பேரும் முன்னால் வந்து நின்றார்கள். ஸ்பீக்கரிலிருந்து வந்த தங்கள் குரலோடு சேர்ந்து தாங்களே பாடினார்கள். எது ஸ்பீக்கர், எது ஆள் என்று பிரிக்க முடியவில்லை. தம்பி பெயின்ட் டப்பாவை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எத்தனை தடவை போட்டோம் என்று எனக்குத் தெரியாது. நான் ஆடிக்கொண்டிருந்தேன். நான் ஆடி என் கணவர் அதுவரை பார்த்ததில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

இரண்டு வாரம் நாங்கள் அந்த வெள்ளைக்காரர்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்தோம். அவர்களுடைய ரசிகர்கள் முதலில் குழம்பினார்கள், ஒரு சிலர் திட்டினார்கள். அப்புறம் ஒருவர், என்ன நடந்தது என்று புரியவில்லை, ஆனால் அம்மா சமையலறையில் இந்த மீன்வண்டிப் பாட்டுக்கு ஆடுகிறாள் என்று எழுதியிருந்தார். அதை மொழிபெயர்த்து அக்காவுக்குப் படித்தபோது, அந்த அம்மாவுக்கு ஒரு வணக்கம் போடச் சொன்னார். நாங்கள் மட்டும் சும்மா இருக்கலாமா என்று தம்பி அவர்களுடைய ஆல்பங்கள் முழுவதையும் கேட்டார். "டிரம்மு வாசிக்கிறவன் படா கில்லாடிக்கா" என்றார்.

பிறகு எங்களுக்கென்று தனிப் பக்கம் வந்தது. கேட்டவர்களின் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நைனா நிம்மதியானார். அக்காவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "தனிக்குடித்தனம் வந்த மாதிரி கீதும்மே" என்றார். போகிறபோது சொல்லிக்கொள்ளாமல் போகக்கூடாது என்று அந்தக் குழுவுக்கு என்னை ஒரு கடிதம் எழுதவைத்தார். நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், நன்றி என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர்களும் அன்பாகப் பதில் போட்டார்கள். ஆறாவது பாட்டை எந்த ஸ்டுடியோவில் எடுத்தீர்கள், அந்தக் குரல்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவே என்று கேட்டிருந்தார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இப்போது அவர்கள் புதிதாக எது போட்டாலும் அக்காவின் போனுக்குத் தகவல் வருகிறது. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும்போது கேட்பார். போன வாரம் எங்கள் கேன்டீன் வாசலில் வண்டியை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு அவர்களுடைய புதுப் பாட்டைப் போட்டுக்காட்டினார். பாடுகிறவர், அந்த மண்டையோட்டுக்காரர்தான், அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தம்பிக்கு தொண்ட செரியில்ல போல கீது" என்றார் அக்கா கவலையாக. "மெளகு பால் குடிக்கச் சொல்லி எழுது."

"அது அவங்க பாடற வெதமேக்கா."

"அதெல்லாம் இல்ல. நீ எழுது."

எழுதினேன். பாலை எப்படிக் காய்ச்சுவது, மிளகு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. மண்டையோட்டுக்காரர் கம்பளிச் சட்டையில், ஒரு பெரிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பின்னால் ஜன்னலில் பனி.

அக்கா போனை வாங்கி, இரண்டு விரலால் அந்தக் கோப்பையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மெளக இடிக்காம முழுசா போட்டுகீறான் பாரு" என்றார்.